சங்கத்து நாற்காலி: ஏ. ரேவதி அம்மையாரின் இரு நூல்கள்

கடல் கடந்த தமிழர் மூவர் ஓரிடத்திற் கூடினால் ஒரு சங்கம் தோன்றும், நால்வர் கூடினால் இரண்டு தோன்றும் என்று நம்மவரே நம்மை எள்ளுவதுண்டு. அவ்வெள்ளலில் உண்மை இல்லாமலில்லை. கோயிலுக்கு ஒரு சபை, பள்ளிக்கு ஒரு வாரியம், பந்தாட்டத்திற்கு ஒரு கழகம், மரணச் சகாய நிதிக்கு ஒரு குழு என்று தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் நமக்குள்ள ஸ்தாபனங்கள் பல. ஆண்டுக் கூட்டத்தில் அக்கிராசனர் யார், காரியதரிசி யார், பொருளாளர் யார் என்று வாதம் நடக்கும். சில வேளைகளில் நாற்காலியும் பறக்கும். ஆனால் அந்தச் சங்கம் எவருடைய நன்மைக்காக ஏற்பட்டதோ அவர் அந்த மேசையைச் சுற்றி எங்கே அமர்ந்திருக்கிறார் என்ற வினா எழுவது மிக அருமை. தொழிலாளியின் பிள்ளைக்கென ஏற்பட்ட பள்ளிச் சபையில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த கிராணியாரே காரியதரிசியாவார். தொழிலாளி பின்வரிசையில் நின்று கைதட்டுவார். அந்தக் கிராணிமார் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே யாமும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

இவ்வினாவை எமக்குக் கூர்மையாக எழுப்பியவை, எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்த இரண்டு நூல்கள். ஒன்று, ஏ. ரேவதி அம்மையார் எழுதிய ‘வெள்ளை மொழி’ என்னும் தன் வரலாறு. மற்றொன்று, திருநங்கையர் உரிமைப் பணியில் தாம் கழித்த வாழ்நாளை அவர் வாயாற் சொல்ல, நந்தினி முரளி என்பார் ஆங்கிலத்தில் எழுதி, 2016-இல் டில்லி ஜுபான் பதிப்பகத்தார் வெளியிட்டது. முதல் நூல் தமிழில் எழுதப்பட்டதே ஆயினும், வ. கீதா அம்மையாரின் ஆங்கில மொழிபெயர்ப்பே 2010-இல் முந்தி வெளிவந்தது. மூலமாகிய தமிழ் அதற்கடுத்த ஆண்டே அச்சேறியது. மூலம் பின்னே, மொழிபெயர்ப்பு முன்னே என்னும் இவ்வேடிக்கையை வாசகர் சற்று மனத்திற் கொள்ள வேண்டும். பின்னர் அதற்கு வருவோம். 2019-இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழக நூல்நிலையத்தின் முகப்பில் எட்டுப் பெண் எழுத்தாளர்களின் பெயர்களைத் துணியில் எழுதித் தொங்கவிட்டனர். டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ முதலியோர் பெயர்களோடு நாமக்கல் சீமையிற் பிறந்த இவர் பெயரும் அங்கே தொங்கியது. நம் பட்டணத்துப் புத்தகக் கடைகளிலோ, ரேவதி என்றால் சினிமா நடிகையா என்று கேட்கிறார்கள்.

இத்தகைய விஷயம் இவ்வேட்டிற்கு ஏற்றதுதானா என்று முகஞ்சுளிக்கும் அன்பர் சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு யாம் சொல்வது சொற்பமே. ஒவ்வொரு தோட்டத்து லயத்திலும், ‘அந்தப் பிள்ளை பட்டணத்திற்குப் போய்விட்டது’ என்று சொல்லி அதற்குமேற் பேச்சை வளர்க்காத ஒரு குடும்பமாவது உண்டு. போன பிள்ளை எங்கே உறங்குகிறது, எவர் கையாற் சோறு உண்கிறது, நோய் வந்தால் எவர் அழைத்துப் போகிறார் என்பவற்றிற்கு விடை கூறும் ஸ்தாபனங்கள் உலகில் ஏற்பட்டிருக்கின்றன. அவற்றை யார் நடத்துகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்பது நம் வீட்டு விஷயமே.

‘வெள்ளை மொழி’யைப் படித்தோர் பெரும்பாலும் அழுதுவிட்டு மூடிவிடுகின்றனர். அழத்தக்க பகுதிகள் இருக்கவே இருக்கின்றன. ஆண்பிள்ளையெனப் பிறந்து பெண்ணென்று தம்மை உணர்ந்த ஒருவர், ஊரை விட்டோடி டில்லியிலும் பம்பாயிலும் ஹிஜ்ராக்களோடு சேர்ந்து வாழ்ந்தமையும், வீடு திரும்பியபோது தமையனிடம் அடிபட்டமையும், வளர்த்த கூந்தலை மழித்துவிட்ட கொடுமையும், வயிற்றுக்காக உடலை விற்க நேர்ந்தமையும், போலீசாரும் போக்கிரிகளும் செய்த இம்சையும் ஒளிவு மறைவின்றிச் சொல்லப்பட்டுள்ளன. வெள்ளையாகப் பேசுதல் என்று நாம் சொல்வோமே, அதற்கு ஏற்ற பெயர்தான் நூலுக்கு வைத்திருக்கிறார். நடை பேச்சு நடை, அலங்காரம் கிடையாது, நூலாசிரியை தம்மைப் பற்றி இரக்கம் கொள்ளும்படி நம்மை வேண்டிக்கொள்ளுவதும் கிடையாது. பெற்றோரின் சொத்தில் தமக்குரிய பங்கைக் கேட்டு நிற்கும் இடத்தில் அவர் பேசும் பேச்சு, பாகப்பிரிவினை வழக்கு கண்ட எந்தத் தமிழ்க் குடும்பத்திற்கும் பழக்கமான பேச்சு. கேட்பவர் மட்டும் புதியவர். இப்பகுதி நூலின் உன்னதமான பகுதிகளுள் ஒன்று என்பது எம் கருத்து; அழுகைக் காட்சிகளைப் பற்றி எழுதிய விமரிசகர்கள் இதன்மேல் இன்னும் சற்றுத் தங்கியிருக்கலாம்.

எனினும் யாம் இந்நூலை வேறொரு நோக்கோடு படித்தோம். இதனுள் மூன்று சபைகள் இருக்கின்றன. முதலாவது குடும்பம். அங்கே தீர்ப்புச் சொல்பவர் தமையன்மார். குற்றவாளிக்குப் பேச உரிமை இல்லை. இரண்டாவது ஹிஜ்ராக்களின் ஜமாத். மூன்றாவது பெங்களூரில் 1999-இல் தோன்றிய ‘சங்கமா’ என்னும் ஸ்தாபனம். கன்னடத்தில் அச்சொல் ஆறுகள் கூடுமிடத்தைக் குறிக்கும். ஆண்பால் பெண்பால் என்ற வரம்பிற்குள் அடங்காதவரும், தம் பாலினத்தாரையே விரும்புவோருமாகிய பலதிறத்தாரும் வந்து கூட வேண்டும் என்று வைத்த பெயர். இம்மூன்று சபைகளிலும் ஒரே ஆள் எப்படி எப்படி நடத்தப்படுகிறார் என்று ஒப்பிட்டுப் பார்த்தால், நூல் தனி ஒருவரின் துன்பக் கதையாக மட்டும் நில்லாமல், மனிதர் ஒருவரையொருவர் ஆளும் முறையைப் பற்றிய ஆராய்ச்சியாகவும் ஆகிவிடுகிறது.

ஜமாத்தைப் பற்றிச் சீர்திருத்தக்காரராகிய நாம் எளிதில் ஓர் அபிப்பிராயம் சொல்லிவிடுவோம். குரு என்பார் ஒருவர், சேலா என்னும் சிஷ்யர் அவருக்குக் கீழே, குருவுக்குக் குருவான நானி மேலே. காலில் விழுந்து ‘பாம்படுத்தி’ என்று வணங்க வேண்டும். சம்பாதித்ததைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். விதி மீறினால் தண்டம் கட்ட வேண்டும். பண்டாரசந்நிதிகளின் மடத்தைக் கண்டித்த வாயால் இதைப் போற்ற முடியுமா? முடியாது. ஆனால் அம்மையார் காட்டும் சித்திரம் அவ்வளவு எளிதன்று. பெற்ற வீடு வெளியே தள்ளிய பிள்ளைக்கு முதற் கவளம் அளித்தது அந்த ஜமாத்தே. புண் ஆறும் வரை பக்கத்தில் அமர்ந்திருந்ததும் அதுவே. மேலும், அதன் விதிகள் எங்கும் எழுதப்படாவிடினும், நேற்று வந்து சேர்ந்த சிஷ்யப் பெண்ணுக்கும் அவை தெரியும். எதற்கு எவ்வளவு தண்டம், யார் யாரைக் கேட்க வேண்டும், எவர் வீட்டு வாசலில் எவர் நிற்கலாம் என்பதெல்லாம் பொது அறிவு. நம் சங்கங்களின் சட்டதிட்டப் புத்தகங்கள் இரும்புப் பெட்டியில் உறங்குகின்றன. அங்கத்தினர் நூற்றுவரில் அதைக் கண்ணாற் கண்டவர் ஐவர்கூட இரார். இந்த ஒரு விஷயத்தில் ஜமாத் நம்மைவிட மேல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அங்கிருந்து அம்மையார் சங்கமாவிற்கு வருகிறார். வந்தபோது அவருக்குக் கிடைத்தது ஆபீஸ் உதவியாளர் வேலை. பின்னொரு காலத்தில் அதே ஸ்தாபனத்தின் இயக்குநராக அவரே அமர்ந்தார். இந்த ஏற்றத்தை ஆங்கில நூலின் அட்டை பெருமையோடு எடுத்துரைக்கிறது. பெருமைதான், சந்தேகமில்லை. ஆயினும் ஆபீசிற் காலந்தள்ளும் எம்போன்றோர்க்கு இதில் வேறு சில நுட்பங்கள் தென்படுகின்றன. ஆபீஸ் உதவியாளர் என்பவர் எல்லா அறைக்குள்ளும் போய் வருபவர். எல்லாப் பேச்சும் அவர் காதில் விழும். எப்பேச்சிலும் அவருக்குப் பங்கு இராது. திருநங்கையரின் நன்மைக்கென ஏற்பட்ட ஸ்தாபனத்தில் திருநங்கை ஒருவர் முதன்முதல் அமர்ந்த இடம் அது. ஸ்தாபனத்தாரை இதற்காக யாம் குறை கூறவில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவருக்கு மாதச் சம்பளமும் கௌரவமான இருக்கையும் கொடுக்க அந்நாளில் எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள்? ஆனால் அந்தப் படிக்கட்டின் அடிப்படியிலிருந்து மேற்படிவரை உள்ள தூரத்தை, ‘உயர்ந்தார்’ என்ற ஒரு வினைச்சொல்லால் தாண்டிவிடக் கூடாது. அத்தூரமே அந்நூலின் உயிர்.

அத்தூரத்திற்குப் பெயர் ஆங்கிலம். தர்ம ஸ்தாபனம் என்றால் பணம் வேண்டும். பணம் கொடுப்பவர் கேட்பது அறிக்கை. 2003-இல் பில் கேட்ஸ் தம்பதியரின் அறநிதி ‘ஆவஹான்’ என்னும் திட்டத்தைத் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாகாணங்களில் தொடங்கிய பின், இத்துறையில் பெரும் பணம் புகுந்தது. அது எச்.ஐ.வி. நோய்த் தடுப்பிற்கென வந்த பணம். எத்தனை உறை வழங்கப்பட்டது, எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தனர் என்று எண்ணிக்கை கொடுக்க வேண்டும். நோய் தடுக்கப்பட்டது நன்றே. உயிர்கள் பல காக்கப்பட்டன. ஆயினும் வீட்டாரால் விரட்டப்பட்டவருக்குச் சொத்துரிமையும், ரேஷன் அட்டையும், போலீசாரிடமிருந்து பாதுகாப்பும் வேண்டும் என்பன அக்கணக்கின் எந்தக் கலத்தில் அடங்கும்? கலம் இல்லாத துன்பம் அறிக்கையில் ஏறுவதில்லை. தோட்டத்துச் செக்ரோலை எழுதிப் பழகியவர்க்கு இது நன்கு விளங்கும். ஆள் வந்தான், வரவில்லை, அரை நாள் என்று மூன்றே குறி. ஏன் வரவில்லை என்று எழுத அதில் இடமில்லை. பெயரை எழுதுபவருக்கும் கைநாட்டு வைப்பவருக்கும் இடையே உள்ள தூரத்தைத் துரைத்தனம் நமக்கு விட்டுச் சென்றது. அது மேசையின் அகலமே ஆயினும் கடக்க ஒரு தலைமுறை பிடித்தது.

இந்நிலையில் அம்மையார் செய்த காரியம் ஒன்று எம்மை மிகவும் கவர்ந்தது. அறிக்கை எழுத ஆங்கிலம் இல்லையே என்று வாளாவிராமல், தமிழ்நாட்டிற் பல ஊர்களுக்குச் சென்று அரவாணியர் பலரின் வாழ்க்கையைக் கேட்டுத் தமிழிலேயே தொகுத்தார். ‘உணர்வும் உருவமும்’ என்னும் அத்தொகுப்பு 2004-இல் வெளிவந்தது. அவர் தம் சொந்த வரலாற்றை நூலாக வெளியிட்டது இதற்குப் பின்புதான். முதலில் பிறர் கதை, பின்பு தம் கதை. எழுத்தாளருள் இவ்வரிசையைக் கைக்கொள்வோர் மிகச் சிலர்.

இங்கே சட்டத்தைப் பற்றி ஓர் இடைச்செருகல் வேண்டியிருக்கிறது. ஆங்கிலேயர் இந்தியாவில் தண்டனைச் சட்டம் இயற்றிய ஆண்டு 1860. ஒத்த பாலினத்தார் கூடுவதைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு அதில் உள்ளதே. ஏழு பேர் சேர்ந்தால் இலக்கியத்திற்கோ தர்மத்திற்கோ ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற சட்டமும் அதே 1860-இல்தான் பிறந்தது. ஒரே துரைத்தனம், ஒரே ஆண்டு, ஒரு கையால் விலங்கும் மற்றொரு கையால் பதிவுப் புத்தகமும் நீட்டிற்று. அந்த 377 கப்பலேறி மலாயாவிற்கும் வந்து சேர்ந்தது. இந்தியாவில் டில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் அதன் கூரை மழுக்கிற்று. 2013 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தீட்டிக் கொடுத்தது. 2018 செப்டம்பர் 6-இல் அதே கோர்ட் தன் தீர்ப்பைத் தானே மாற்றி, வயது வந்தோர் மனமொப்பி வாழ்வது குற்றமாகாது என்றது. ஆகவே அம்மையார் சங்கமாவிற் பணி செய்த ஆண்டுகளிற் பெரும்பகுதி, தம் மக்களின் அந்தரங்க வாழ்வையே சட்டம் குற்றமெனக் கருதிய காலமாகும். அத்தகைய ஸ்தாபனத்தில் நிர்வாகியாகக் கையொப்பமிடுவது கோயிற் சபையில் கையொப்பமிடுவது போன்றதன்று. 2003-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகக் கிளையார், பெங்களூரில் திருநங்கையருக்கும் கோத்திகளுக்கும் நேர்ந்த வன்முறைகளை விசாரித்து அறிக்கை வெளியிட்டனர். அதைப் புரட்டிப் பார்ப்பவர் எவரும், போலீஸ் ஸ்டேஷனுக்கு நள்ளிரவில் ஓடிச்சென்று நிற்பதும் ஒரு நிர்வாகியின் கடமையாயிருந்தது என்பதை உணர்வர்.

இனி நாற்காலி விஷயத்திற்கு வருவோம். இவ்வகை ஸ்தாபனங்களில் துன்பப்பட்டவர்க்கு ஓரிடம் எப்போதும் உண்டு. அது மேடை. மகாநாட்டில் எழுந்து நின்று தம் கதையைச் சொல்லுமாறு கேட்பார்கள். கேட்டவர் கண்ணீர் விடுவார்கள்; கைதட்டுவார்கள்; நிதி சேரும். பிறகு அறைக்குள் கூட்டம் நடக்கும். அந்நிதியை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் அக்கூட்டத்தில் கதை சொன்னவர்க்கு இடமிராது. சாட்சிக் கூண்டு வேறு, நியாயாதிபதியின் ஆசனம் வேறு. ரேவதி அம்மையாரின் எழுத்தில் யாம் கண்ட தலையாய சிறப்பு, சாட்சிக் கூண்டிலேயே நின்றுவிட அவர் மறுத்ததாகும். ‘வெள்ளை மொழி’யைப் பின்னாளில் மங்கை அம்மையாரின் இயக்கத்தில் தாமே தனி நடிகையாக மேடையேற்றியபோதும், அது அவர் கையிலுள்ள பிரதி, எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது அவர் சித்தம்.

ஆனால் எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் இது விமரிசனமாகாது. துன்பம் கணக்கைக் கற்பிக்காது. வரவு செலவுப் புத்தகத்தில் ஒரு பூஜ்யம் தவறினால், வெளிநாட்டுப் பணத்தைக் கட்டுப்படுத்தும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் நல்ல மனசு சாட்சி சொல்ல வராது. ஸ்தாபனத்தின் பெயரால் பலரிடம் வாங்கிய பணத்திற்கு நிர்வாக சபையார் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். அடிபட்டவர் என்ற ஒரே காரணத்திற்காக ஒருவரைப் பொருளாளராக்குவது அவருக்கும் தீங்கு, அவரை நம்பியவர்க்கும் தீங்கு. இதை வெளிப்படையாகச் சொல்லத் தயங்குவோர் இக்காலத்தில் மிகுதி; தயக்கத்தின் பலன், அந்த மக்களுள் ஒருவரை அக்கிராசனர் நாற்காலியில் அலங்காரமாக அமர்த்திவிட்டுப் பேனாவைப் படித்தவர் தம் பையிலேயே வைத்துக்கொள்வதாக முடிகிறது. எம் கருத்து யாதெனில், ஆங்கிலமும் கணக்கும் தெரிந்தவர் அச்சபையில் இருக்கத்தான் வேண்டும். அவர் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் மேசையில் உள்ள கடைசி ஆளுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். விளங்கும்வரை தீர்மானம் ஓட்டுக்கு வரலாகாது. இதனாற் கூட்டம் நீளும். நீளட்டுமே! ஒரு கூட்டத்திற்கு ஒரு மணி நேரம் போதும் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

அரசாங்கத்தார் அமைத்த சபைகளைப் பார்த்தால் இவ்வினா இன்னும் தெளிவாகும். தமிழ்நாட்டு அரசாங்கம் 2008 ஏப்ரல் 15-இல் அரவாணிகள் நல வாரியத்தை ஏற்படுத்திற்று. இந்தியாவில் அதுவே முதலாவது. திருநங்கையர் அதில் அங்கத்தினராயினர். தலைமை நாற்காலி சமூக நல மந்திரியுடையது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய அரசாங்கம் 2020-இல் அமைத்த தேசியக் கவுன்சிலிலும், வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, வடகிழக்கு என்று திசைக்கொருவராக ஐவர் அம்மக்களின் பிரதிநிதிகள். அவர்களைத் தேர்ந்தெடுப்பது அவர்களுடைய மக்கள் அல்லர், அரசாங்கம். தலைவர் மத்திய மந்திரி. இவை ஒன்றுமில்லாதிருந்ததைவிட மேலானவை என்பதில் தடையில்லை. ஆனால் ஆபீஸ் உதவியாளராகப் புகுந்து இயக்குநரான ஒருவரின் வரலாற்றைப் படித்தபின், நியமன ஆசனத்தைக் கண்டு முன்போல் வாய்பிளக்க எம்மால் இயலவில்லை.

நூலில் மிகக் கடினமான பகுதி ஒன்றுண்டு. அம்மையார் அதே ஸ்தாபனத்தில் தமக்கு மேற்பதவியிலிருந்த ஒருவரை மணந்தார். அவ்வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. இதை அவர் ஒரு மனைவியின் துயராகவே எழுதுகிறார். அவ்வாறு எழுத அவருக்கு உரிமையுண்டு. படிக்கும் எமக்கோ, அதற்குள் மற்றொரு துயரும் தெரிகிறது. அடைக்கலம் தேடி வந்த இடமும், சம்பளம் தரும் இடமும், நண்பர் வாழும் இடமும், மணவாழ்வு மலர்ந்த இடமும் ஒன்றேயாய் இருந்தால், அவற்றுள் ஒன்று உடையும்போது நான்கும் உடைகின்றன. வெளியே போவதற்கு வேறு கதவு இல்லை. அதே ஆண்டுகளில் அவருடைய தோழியும் பெங்களூரில் திருநங்கையர் உரிமைக்காகத் துணிந்து குரல் கொடுத்தவருமான ஃபமீலா 2004-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பிறர் கண்ணீரைத் துடைக்கும் உத்தியோகத்தில் இருப்பவரின் கண்ணீரைத் துடைப்பது எவர் பொறுப்பு? எந்த ஸ்தாபனத்தின் சட்டதிட்டத்திலும் இதற்கு ஒரு விதி இருந்ததாக யாம் அறியோம். பணியாளரின் ஓய்வும், மேலதிகாரிக்கும் கீழ்ப்பணியாளருக்கும் இடையிலுள்ள உறவும், தனிமனித விஷயமென்று ஒதுக்கத் தக்கவையல்ல. நிர்வாக சபையின் நிகழ்ச்சி நிரலில் முதற்பக்கத்தில் எழுதத் தக்கவை அவை.

ஆங்கில நூலைப் பற்றி இப்போது சில சொற்கள். அதன் முற்பகுதி எமக்கு முழுத் திருப்தி தரவில்லை. ‘வெள்ளை மொழி’யில் நாம் கேட்ட குரல் அதில் சற்றுச் சலவை செய்யப்பட்டுக் கஞ்சி போட்டு வந்திருக்கிறது. அது எழுதினவரின் குற்றமன்று. ஒருவர் வாயாற் சொல்ல மற்றொருவர் வேறு மொழியில் எழுதும்போது எப்படியும் நேர்வது. இதை மாத்திரம் படித்துவிட்டு அம்மையாரை அறிந்துகொண்டோம் என்று பட்டணத்து ஆங்கிலப் படிப்பாளிகள் எண்ணாதிருப்பாராக. அவருடைய தமிழ் எகிறும், குத்தும், நடுவில் நகைக்கவும் செய்யும்.

பிற்பகுதியோ வேறு தரம். தம் வாழ்வைப் பற்றிய நூல் என்று பெயர் வைத்துவிட்டு, அதில் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் உள்ள திருநம்பியர்க்குத் திறந்து விடுகிறார். பெண்ணெனப் பிறந்து ஆணாக வாழ்பவர்கள் அவர்கள். திருநங்கையர்க்காவது ஊரறிந்த பெயரும், கூடி வாழும் ஜமாத்தும், கூவாகம் போன்ற ஒரு திருவிழாவும் உண்டு; இவர்களுக்கு அவ்வாறு ஒன்றுமில்லை. வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே இவர்கள் கதை தொடங்கிப் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அவர்கள் ஒவ்வொருவராக வந்து தம் வாயாலேயே பேசுகின்றனர். அம்மையார் குறுக்கிடாமல் ஒதுங்கி அமர்ந்திருக்கிறார். நல்ல அக்கிராசனரின் இலக்கணத்தை விளக்க இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் மேடைகளில் அக்கிராசனர் முன்னுரை முக்கால் மணி, முடிவுரை முக்கால் மணி. இடையில் சொற்பொழிவாளருக்குக் கால் மணி! தமக்குக் கிடைத்த இடத்தில் தம்மிலும் குரலற்றவரை அமர்த்தியதனால்தான், இயக்குநர் பதவிக்கு அவர் தகுதியானவர் என்று யாம் சொல்கிறோம். பட்ட துன்பத்தின் அளவைக் கொண்டு சொல்லவில்லை.

இந்நாடுகளில் இதன் பயன் என்ன என்று கேட்பவர்க்கு: கோலாலம்பூரில் ‘பிங்க் டிரையாங்கிள்’ என்ற பெயரில் 1987-இல் ஒரு ஸ்தாபனம் தோன்றியது. எச்.ஐ.வி. பற்றிக் கலக்கமுற்றோர்க்குத் தொலைபேசி வழியே ஆறுதலும் அறிவுரையும் வழங்கியது அதன் ஆரம்பப் பணி, இன்று பி.டி. அறநிறுவனம் என வழங்குகிறது. சிங்கப்பூரில் ‘பீப்பிள் லைக் அஸ்’ என்னும் குழுவினர் சங்கமாகப் பதிவு பெற விண்ணப்பித்து, 1997-இலும் 2004-இலும் மறுக்கப்பட்டனர். பதிவு கிடையாதாகவே அவர்கள் சங்கமல்லாத சங்கமாயினர். அத்தீவில் ஆடவரைக் குறித்த 377ஏ பிரிவு 2022 நவம்பரில் பார்லிமெண்டில் நீக்கப்பட்டு, 2023 ஜனவரியில் அந்நீக்கம் அமலுக்கு வந்தது. மலேசியாவில் அப்பழைய எண் தண்டனைச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி இங்கும் ஏழு பேர் வேண்டும். ஏழு பேரும் தம் பெயரை எழுத வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயர் தம்முடையதே அன்று என்று கருதுவோர் எந்தப் பெயரை எழுதுவது? தோட்டத்தில் தாய் தந்தையர் இருக்க, பத்திரிகையில் நிர்வாகிகள் பட்டியல் வெளிவரும் நாளில் அவர்கள் யாரிடம் முகம் காட்டுவது? அச்சபையில் ஓர் இடம் ஏற்பதென்றால் இவ்வளவையும் ஏற்பதென்று பொருள். ஆகையால் அங்கே படித்தவரும் வசதியுள்ளவருமே முன்னிற்க நேர்வதை வெறும் ஆசையென்று தள்ளிவிட முடியாது. இழக்கக் குறைவாக உள்ளவரே கையொப்பமிடத் துணிகின்றனர். இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி ரேவதி அம்மையாரின் நூலில் இருக்கிறதென்று யாம் கூறவில்லை. முடிச்சு எங்கே விழுந்திருக்கிறதென்று விரல் வைத்துக் காட்டும் தமிழ் நூல் வேறொன்றை யாம் படித்ததில்லை.

தமிழில் இவ்வினத்து நூல்கள் இப்போது குறைவில்லை. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவல் இவர்கள் வாழ்வைப் பொதுமக்கள் கண்முன் கொண்டுவந்தது. அது வெளியிலிருந்து கருணையோடு நோக்கியது. லிவிங் ஸ்மைல் வித்யா அம்மையாரின் ‘நான், வித்யா’ உள்ளிருந்து எழுந்த குரல்; மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவரின் வேகம் அதில் உண்டு. இவற்றையும் வாசகர் படிக்க வேண்டும். ஆயினும் உத்தியோக மேசைக்கு இருபுறமும் அமர்ந்து பார்த்தவர் எழுதியது என்ற தகுதி ரேவதி அம்மையாரின் நூல்களுக்கே உரியது.

குறை ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. இயக்குநராயிருந்த நாட்களைப் பற்றி அவர் சொல்லியிருப்பது எமக்குப் போதவில்லை. நாற்காலியில் அமர்ந்தபின் முதற் கூட்டத்தில் யார் எழுந்து நின்றார், யார் நிற்கவில்லை? வரவு செலவுத் திட்டத்தை எந்த மொழியில் வாசித்தனர்? முன்பு தம்மோடு ஹமாமில் இருந்தவர் ஒருவர் வேலை கேட்டு வந்தால் என்ன பதில் சொன்னார்? பணம் கொடுத்தவருக்கும் பசித்தவருக்கும் இடையே ஒன்றைத் தேர வேண்டிய நாளில் எதைத் தேர்ந்தார்? உடலின் கதையை ஒளிவின்றிச் சொன்னவர், ஆபீசின் கதையையும் அதே வெள்ளை மொழியில் சொல்ல வேண்டும். வேறெவர் பேனாவையும் இடையில் வைக்காமல், முதலில் தமிழிலேயே அச்சிட வேண்டும். அந்நூல் வருமாயின் இரண்டு பிரதிகளுக்கு முன்பணம் கட்ட யாம் தயாராயிருக்கிறோம்: ஒன்று எமக்கு, மற்றொன்று எம் தோட்டத்துப் பள்ளிச் சபையின் மேசைக்கு.